எங்கண்ணன் நம்பின கரி

எங்கண்ணன் போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். பாப்பாகிட்ட ஒரு பொய் சொல்லணும்னான். நானோ மனசுல பட்டதை அப்படியே கொட்டிடுற ரகம். ஸ்கூல் வேன் ஓட்டுறவ. வண்டிக்குப் பிரேக் போடத் தெரியும், வாய்க்குப் போடத் தெரியாது. "ஊர்ல இத்தனை பேர் இருக்க, என்னைப் பாத்தா பொய் சொல்லச் சொல்ற?"ன்னு கேக்க நாக்கு துடிச்சுது. கேக்கல. கையில ஊசியும் குழாயுமா கிடக்கறவன்கிட்ட என்னத்தைச் சண்டை போடறது? சரின்னு தலையாட்டிட்டேன். ஆட்டின தலைக்குத்தான் இப்ப இவ்வளவு பாடு.

பாப்பான்னா சின்னப் பிள்ளைன்னு நினைச்சுடாதீங்க. அண்ணனுக்கு ஒரே பொண்ணு. படிச்சு முடிச்சு வெளியூர்ல ஆபீஸ் வேலை பாக்குறா, ஹாஸ்டல்ல இருக்கா. எவ்வளவு வளந்தாலும் எங்க வீட்ல அவ பாப்பாதான். ஆபீஸ்ல நாலு பேர் பக்கத்துல இருக்கும்போது அண்ணன் போன் பண்ணி "பாப்பா சாப்ட்டியா"ன்னு கத்துவான். அவ வெக்கத்துல நெளிவா.

அண்ணன் டைல்ஸ் ஒட்டுறவன். கட்டி முடிச்ச வீட்ல, கதவு கூட மாட்டாத ரூம்ல, நூல் பிடிச்சு, கலவை விரிச்சு, டைலை வெச்சு ரப்பர் சுத்தியால நாலு மூலையும் தட்டுவான். தட்டிட்டுக் காதைக் கீழ கொண்டு போய்க் கேப்பான். அடியில காத்து நின்னுச்சுன்னா சத்தம் பொக்குன்னு வரும். அப்படி வந்தா பேத்தெடுத்துட்டு மறுபடியும் ஒட்டுவான். வீட்டுக்காரரே "போதும் விடுப்பா"ன்னாலும் விட மாட்டான். என் வீட்டுக்கு வந்தாக் கூட நின்ன இடத்துல குதிகாலால தரையைத் தட்டிப் பாத்துட்டு, "உன் சமையல்கட்டுல பாதி பொக்கு"ன்னு சொல்லுவான். "என் வீட்டுக்காரர் மண்டையே பொக்கு, அதை முதல்ல ஒட்டிக் குடு"ன்னு நான் சொல்லுவேன். உள்ள உக்காந்திருக்கிற மனுஷன் காதுல விழாத மாதிரி டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

இந்த வேலைக்கு முட்டிதான் மூலதனம். காலையில மண்டி போட்டா சாயங்காலம்தான் எந்திரிக்கணும். வயசு ஏற ஏற அவன் முட்டி ரெண்டும் வீங்கிப் போச்சு. மாடிப்படி இறங்கும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டு இறங்குவான். பாப்பா வேலைக்குப் போனதுல இருந்து, "போதும்பா, வீட்ல இருங்க, நான் பாத்துக்கறேன்"னு ஒரே பாட்டு. அவனுக்கு அது பிடிக்கல. "வீட்ல உக்காந்து உங்க அண்ணி மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கவா?"ன்னு என்கிட்ட கண்ணடிப்பான். அதனால முட்டி வலிக்குதுன்னு பொண்ணுகிட்ட மூச்சு விட மாட்டான். அண்ணிகிட்டயும் சொல்ல மாட்டான், சொன்னா அது நேரா போன்ல போயிடும். மருந்துக் கடையில வலி மாத்திரை வாங்கி, டூல்ஸ் பையில, மட்டம் பாக்கற ரசமட்டத்துக்கு அடியில சொருகி வெச்சிருந்தான். காலையில வெறும் வயித்துல டீயோட ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. இதெல்லாம் அவனை ஆஸ்பத்திரியில சேத்த பிறகு பையைக் கொட்டிப் பாத்தப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது.

கரிக் கதை இதுக்கெல்லாம் ரொம்ப முந்தினது.

பாப்பா அப்பத்தான் நடை பழகி, கையில கிடைச்சதை எல்லாம் வாயில போட்டுக்கிட்டுத் திரிஞ்ச நேரம். எங்கப்பா அண்ணன் வீட்லதான் இருந்தார். அவரோட நெஞ்சு வலி மாத்திரையைக் கட்டில் மேல வெச்சுட்டுக் குளிக்கப் போயிருக்கார். அண்ணி வந்து பாத்தா அட்டை காலி, பிள்ளை வாயெல்லாம் வெள்ளையா மாவு. அண்ணி போட்ட கூச்சல்ல தெருவே கூடிடுச்சு. ஒருத்தர் உப்புத் தண்ணி குடுங்கறார், ஒருத்தர் தொண்டையில விரலை விடுங்கறார், இன்னொருத்தர் அடுப்புக் கரியை இடிச்சுக் கரைங்கறார். எங்கண்ணன் நிஜமாவே கரி தேடி ஓடிட்டான். அன்னைக்கு அங்க வந்திருந்த எனக்கு வந்துச்சே கோபம்! "பிள்ளையைத் தூக்குடா, காலி அட்டையை எடுடா"ன்னு அண்ணன்னு கூடப் பாக்காம டா போட்டுக் கத்தினேன். வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட புதுசு எனக்கு. எப்படி ஓட்டினேன், எந்தச் சிக்னல்ல நின்னேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல.

ஆஸ்பத்திரியில அட்டையைப் பாத்ததும் டாக்டரம்மா கேட்டது எல்லாம் நேரான கேள்வி. எப்ப முழுங்கினா, எத்தனை இருந்துச்சு, வாந்தி எடுத்தாளா, எடுக்க வெச்சீங்களா. பிள்ளை முழிச்சு அழுதுக்கிட்டு இருந்தது நல்லதாப் போச்சுன்னாங்க. நர்ஸம்மா ஒரு கப்புல கன்னங்கரேல்னு எதையோ கலக்கி எடுத்துட்டு வந்தாங்க. தார் கரைச்ச மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா ஊத்த ஊத்த, பிள்ளை பாதியை முழுங்கி மீதியை எங்கண்ணன் வெள்ளைச் சட்டையில துப்பிட்டா. அப்பனும் பொண்ணும் மூஞ்சி எல்லாம் கருப்பு. அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அண்ணி என்னைப் பாத்த பார்வை இருக்கே!

"கரிதான் இது. மருந்துக் கரி"ன்னாங்க டாக்டரம்மா. "வயித்துல இருக்கிற மாத்திரை ரத்தத்துல சேர்றதுக்கு முன்னாடி இது பிடிச்சு வெச்சுக்கும். சீக்கிரம் கொண்டு வந்ததாலதான் குடுக்கறோம்."

அண்ணன் உடனே, "அடுப்புக் கரியைக் கரைச்சு வீட்லயே குடுத்திருக்கலாமா டாக்டர்?"ன்னான்.

"அது வேற, இது வேற. வீட்ல எதையும் குடுக்காதீங்க. பிள்ளை மயக்கமா இருந்தா இதை நானே வாயில ஊத்த மாட்டேன், நுரையீரலுக்குள்ள போயிடும். மண்ணெண்ணெய், ஆசிட் குடிச்சாலும் குடுக்க மாட்டேன். எதுக்குக் குடுக்கணும், எதுக்குக் கூடாதுன்னு பாக்கத்தான் நாங்க இருக்கோம்."

இவ்வளவும் அவன் காதுல விழுந்துச்சு, மனசுல ஏறல. ஏறினது நர்ஸம்மா சொன்னது மட்டும்தான். "நாளைக்கு வெளிக்குப் போனா கருப்பாத்தான் போகும். பயப்படாதீங்க, மருந்து வெளிய வருதுன்னு அர்த்தம்." மறுநாள் பிள்ளை போன துணியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வார்டுல பாக்கறவங்ககிட்ட எல்லாம் காட்டினான் மனுஷன். "பாருங்க, கருப்பு! விஷம் வெளிய வந்துடுச்சு!" கண்ணுல தண்ணி, வாய் நிறைய சிரிப்பு. அந்த மூஞ்சி இன்னும் என் கண்ணு முன்னாடி நிக்குது.

அன்னையில இருந்து கரின்னா அவனுக்குச் சாமி. ஒரு சைட்டுல பெயிண்டர் ஒருத்தர் தண்ணின்னு நினைச்சு, பெயிண்ட்ல கலக்கற தின்னரை ஒரு மடக்கு குடிச்சுட்டார். இவன் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய், "கரி குடுங்க, கரி குடுங்க"ன்னு டாக்டர் உயிரை எடுத்திருக்கான். "இதுக்கு அது ஆகாதுய்யா, வாந்தி எடுத்தாத்தான் ஆபத்து, நீ வெளிய நில்லு"ன்னு துரத்தி விட்டாங்களாம். அந்தப் பெயிண்டர் நல்லபடியா எந்திரிச்சு வந்துட்டார். அப்பவும் எங்கண்ணன், "கரி குடுத்திருந்தா இன்னும் சீக்கிரம் எந்திரிச்சிருப்பார்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். அவனோட வாதாடி யார் ஜெயிக்கறது?

போன வருஷம் வயிறு எரியுதுன்னு ஆரம்பிச்சான். உப்புசம், ஏப்பம், சாப்பிட்டா நெஞ்சுல நிக்குது. போன்ல பொண்ணுகிட்ட இதை மட்டும் சொல்லியிருக்கான். அவளுக்குச் சின்ன வயசுல இருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன கதை கரிக் கதை. தன் உசுரைக் காப்பாத்தினது அதுதானே! அதுவே இப்ப கேப்சூலா வருதுன்னு பாத்து, ஆன்லைன்ல ஆர்டர் போட்டு வீட்டுக்கே அனுப்பிட்டா. விவரமான பொண்ணு, டப்பாவுல எழுதியிருந்ததைப் படிச்சுட்டுக் கேட்டும் இருக்கா.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாப்பா? இதோட சேத்துப் போடக் கூடாதாம். இது அதையும் சேத்து உறிஞ்சிடுமாம்."

"நான் என்னத்தை சாப்பிடறேன் பாப்பா? ஒண்ணும் இல்ல"ன்னுட்டான்.

ரெண்டு மூணு நாளைக்கு மேல தொந்தரவு இருந்தா டாக்டரைப் பாருங்கன்னும் அதுல போட்டிருந்துச்சாம். கேக்குது கேக்குதுன்னு அவன் சொல்லச் சொல்ல, ஒரு டப்பா தீரத் தீர அடுத்தது வந்துச்சு. பொண்ணு அனுப்பினதுன்னு அதை டிவி பக்கத்துல, வர்றவங்க கண்ணுல படற மாதிரி வெச்சிருந்தான். எனக்கும் ஒண்ணு நீட்டினான். "எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு, வாய்க்கு ஏதாவது மருந்து இருந்தா குடு"ன்னேன்.

வலி மாத்திரை வாங்கறது கடையில, கரி வர்றது பார்சல்ல. கடைக்காரருக்குக் கரி தெரியாது, பொண்ணுக்கு வலி மாத்திரை தெரியாது. ரெண்டையும் ஒண்ணாப் பாத்தது அவன் வயிறு மட்டும்தான்.

அப்புறம் ஆள் வெளுக்க ஆரம்பிச்சான். "என்ன அண்ணே, வயசான காலத்துல பவுடரா?"ன்னு கேட்டேன். "டைல் அறுக்கற தூசிடீ வாயாடி"ன்னு மூஞ்சியைத் துடைச்சான். துடைச்ச பிறகும் வெளுப்பு போகல. படி ஏறினா மூச்சு வாங்கிச்சு. பாத்ரூம்ல நாத்தம் தாங்கலன்னு அண்ணி புலம்பினாங்க. "டாக்டர்கிட்ட வா"ன்னு நான் வேனோடயே வாசல்ல போய் நின்னேன். ஹாரன் அடிச்சு அடிச்சு எதிர்வீட்டுக்காரர்தான் எட்டிப் பாத்தார். எங்கண்ணன் ஜன்னல் வழியா, "வயிறெல்லாம் சரியாப் போச்சு. கருப்பாத்தான் போகுது, கரி வேலை செய்யுது, நீ போ"ன்னான். என் கோபத்துக்கு வண்டியை ரிவர்ஸ் எடுத்ததுல அவங்க வீட்டுத் தொட்டிச் செடி ஒண்ணு காலி.

ஒரு சாயங்காலம் பிள்ளைங்களை எல்லாம் இறக்கி விட்டுட்டு வர்றேன், சைட்டுல இருந்து போன். பாத்ரூம்ல டைல் ஒட்டிக்கிட்டு இருந்தவன் எந்திரிக்கும்போது அப்படியே சாஞ்சுட்டானாம். நான் போய்ப் பாக்கறப்ப, ஒட்டியும் ஒட்டாத டைலு மேல சுவத்துல முதுகைக் குடுத்து உக்காந்திருக்கான். வாந்தி எடுத்திருந்தான், காபித்தூள் கரைச்ச மாதிரி. கை சில்லுன்னு இருந்துச்சு. ரெண்டு கொத்தனாருங்க தூக்கி வேன்ல பின் சீட்டுல படுக்க வெச்சாங்க. ஸ்கூல் பிள்ளைங்க சீட்டு, அவன் காலு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. வழி நெடுக, "பேசு அண்ணே, ஏதாவது பேசு"ன்னு கத்திக்கிட்டே ஓட்டினேன். "மெதுவாப் போடீ, டிவைடர்ல ஏத்திடாதே"ன்னு அவன் முனகினது கேட்டுச்சு.

இந்தத் தடவை டாக்டர் ஒரு ஆம்பளை. என்னையும் அண்ணியையும் தனியா உக்கார வெச்சுச் சொன்னார். வலி மாத்திரையால இரைப்பையில புண்ணு. அதுல ரத்தம் ரொம்ப நாளாக் கசிஞ்சிருக்கு. வயித்துல ரத்தம் கசிஞ்சா வெளிக்குப் போறது கருப்பாப் போகும், தார் மாதிரி ஒட்டும், நாறும்.

"கருப்பாப் போறதைப் பாத்துப் பயந்து ஓடி வருவாங்க. இவர் ஏன் வரல?"

அண்ணி சொன்னாங்க. கரி கேப்சூல், பொண்ணு அனுப்பினது, சின்ன வயசுக் கதை, எல்லாத்தையும். டாக்டர் நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டார்.

"கரி புண்ணை உண்டாக்கலைம்மா. ஆனா கரி சாப்பிட்டாலும் கருப்பு, ரத்தம் கசிஞ்சாலும் கருப்பு. எது எதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? நிறுத்திட்டா ரெண்டு மூணு நாள்ல கலர் மாறணும். மாறலைன்னா, தலை சுத்துச்சுன்னா, ஆள் வெளுத்தா, அன்னைக்கே வந்திருக்கணும். கரி, மாசக்கணக்கா சாப்பிடற சாமானும் இல்ல. அவசரத்துக்கு நாங்க குடுக்கறது."

எனக்கு அந்த ஆளைக் கன்னத்துல அறையலாம்னு வந்துச்சு. அவர் மேல என்ன தப்பு? இத்தனை சுலபமா சொல்லிட்டாரேன்னு ஆத்திரம், அவ்வளவுதான்.

ரத்தம் ஏத்தினாங்க. மறுநாள் காலையில கொஞ்சம் தெளிஞ்சான். அண்ணி டீ வாங்கப் போயிருந்தாங்க. பாப்பா பஸ்ல வந்துக்கிட்டு இருந்தா. அப்பத்தான் என் கையைப் பிடிச்சான். அவன் கை முழுக்க சிமெண்ட் அரிச்ச தழும்பு, சொரசொரன்னு இருக்கும்.

"பாப்பா கேப்பா. அவ கரி அனுப்பறதுக்கு முன்னாடி இருந்தே எனக்குக் கருப்பாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சுன்னு சொல்லிடு. அவ குடுத்ததுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு சொல்லு."

"நிஜமா எப்ப அண்ணே ஆரம்பிச்சுது?"

"தெரியலையே. எல்லா நாளும் ஒரே கலரு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நடுவுல கேப்சூல் தீர்ந்து ஒரு வாரம் போல சும்மாதான் இருந்தேன். அப்பவும் கருப்புதான். மிச்சம் மீதி உள்ள கிடக்கும்னு விட்டுட்டேன். அடுத்த டப்பாவும் வந்துடுச்சா, அதோட மறந்துட்டேன். அதை அவகிட்ட சொல்லிடாதே."

"ஏன் அண்ணே இப்படிப் பண்ணின? வலி மாத்திரையை என்கிட்டயாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"உன்கிட்டயா? ஊருக்கே ஹாரன் அடிச்சிருப்ப."

சிரிச்சான். நான் சிரிக்கல. என் கையை அழுத்தி, "சொல்லுவியா?"ன்னான். தலையாட்டினேன்.

பாப்பா வந்து சேர்ந்து, அப்பா தலைமாட்டுல உக்காந்து, ஆரஞ்சு ஜூஸ் வாங்கட்டுமா, வேண்டாமான்னு நர்ஸைக் கேட்டுட்டு வர்றதுக்குள்ள மறுபடியும் ரத்த வாந்தி எடுத்தான். உள்ள கொண்டு போனாங்க. வெளிய கொண்டு வந்தப்ப அண்ணன் இல்ல.

காரியம் எல்லாம் முடிஞ்சுது. பாப்பா அழவே இல்ல. அதுதான் எனக்குப் பயம். வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தா, அம்மாவைக் குளிக்க வெச்சா, மிஞ்சின கேப்சூல் டப்பாவை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு எழுத்தெழுத்தாப் படிச்சா. நான் பிடுங்கிக் குப்பையில போட்டேன்.

ஊருக்குக் கிளம்பற அன்னைக்கு நான்தான் வேன்ல பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். முன் சீட்டுல பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. பஸ்ஸுங்க நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஓரம் கட்டினேன். அவ இறங்கல.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டா? அப்பாவுக்கு எப்ப இருந்து அப்படிப் போச்சு?"

எதைக் கேக்கறான்னு புரிஞ்சுது. ஸ்டியரிங்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னேன். "நீ அனுப்பறதுக்கு ரொம்ப முன்னாடியே பாப்பா. அவனே என்கிட்ட சொன்னான். உன் கரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த வலி மாத்திரைதான். அதையும் உன்கிட்ட மறைச்சான் பாவி."

நான் நல்லாத்தான் சொல்லிட்டேன்னு நினைச்சேன்.

"முதல் டப்பா வந்த மறுநாள் அப்பா போன் பண்ணினாரு அத்தை. 'பாப்பா, இன்னைக்குதான் கருப்பாப் போக ஆரம்பிச்சிருக்கு, உன் மருந்து கேக்குது'ன்னு சிரிச்சாரு. அப்புறம் ஒரு நாள், கேப்சூல் தீர்ந்து ஒரு வாரம் ஆகப் போகுது, இன்னும் கருப்பாவே போகுதே பாப்பான்னு கேட்டாரு. எனக்கு ஆபீஸ்ல வேலை தலைக்கு மேல. 'அது அப்படித்தான்பா, பயப்படாதீங்க, அடுத்தது நாளைக்கு வந்துடும்'னு சொல்லி வெச்சுட்டேன்."

அவகிட்டயே கேட்டதை அவன் என்கிட்டயும் மறைச்சிருக்கான். நான் அவ மூஞ்சியைப் பாத்தேன். இத்தனை நாள் வராத கண்ணீர் இப்ப நிக்காம ஓடுது. ஸ்டியரிங்கைக் குத்தினேன். ஹாரன் அடிச்சு, முன்னாடி போன ஆளு திரும்பித் திட்டிட்டுப் போனான்.

பாப்பா என் சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டா. அவ பஸ் கிளம்பறதுக்கு ஆள் கூப்பிடறது கேட்டுச்சு. அவ நகரல.

"இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை."

"என்னடா சொல்லணும்?"

"முன்னாடி சொன்னீங்களே. அதை."

சொன்னேன். "நீ அனுப்பறதுக்கு முன்னாடியே பாப்பா. ரொம்ப முன்னாடியே." அவ தலையை என் தோள்ல சாய்ச்சுக்கிட்டு, "ம்"னா. நான் மறுபடியும் சொன்னேன். பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன்.